கைய எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?

பரதமும், மேற்குலேர்ந்து வந்த நவீன நடனமான கன்டெம்பரரியும் கலந்த ஒரு புது நிகழ்ச்சின்னு யாராவது கூப்பிட்டா நான் கண்டிப்பா போயிடுவேன், ஆனா போய் உக்காந்ததும் மனசுக்குள்ள ஒரு பரிசோதனை ஓட ஆரம்பிச்சுடும். ஆடுறவங்க கைய மட்டும் கண்ணுல இருந்து அழிச்சுட்டுப் பாக்குறது. பதாகம், கடகாமுகம், அலபத்மம்னு கை முத்திரை எதுவும் கிடையாது, புருவமும் கண்ணும் கிடையாது, தோளுக்குக் கீழ இருக்கிற உடம்பு மட்டும் தான். அப்பவும் அந்த உடம்பு பரதம் பேசுதா?

பாதிக்கு மேல பேசுறதில்ல. உடம்பு ஓடும், தரையில உருளும், எழுந்து தாவும், எல்லாமே யூடியூப்ல பாத்துப் பழகின கன்டெம்பரரி அசைவு, கடைசியில விரல் மட்டும் ஒரு அலபத்மத்த விரிக்கும். பின்னாடி தம்பூரா சுருதி மேல செல்லோ ஓடும், போட்டிருக்கிறது பட்டு பார்டர் வச்ச பேன்ட். இத நான் கலப்புன்னு ஒத்துக்க மாட்டேன், கொதிச்சு இறக்கின குழம்பு மேல கொத்தமல்லி தூவுற மாதிரி தான் இது, கொதிக்கும்போது அது உள்ள இல்ல. பரதத்துல கை ரொம்பப் பெருசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கையத் தாங்கி நிக்கிறது அரைமண்டி, அத விட்டுட்டுக் கைய மட்டும் எடுத்துட்டுப் போனா ஒண்ணும் போய்ச் சேராது.

அரைமண்டின்னா வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு முட்டிய மடக்கி உக்காருறதுன்னு தோணும். ஆடுறவங்களுக்குத் தெரியும், அது ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் இழுக்கிற வேலை. தொடை ரெண்டும் வெளிப்பக்கம் திரும்பி இடுப்பு கீழ இறங்குது, முதுகுத்தண்டு அப்படியே மேல ஏறுது. நடுவுல வயித்துக்குக் கீழ ஒரு இடத்துல மொத்த உடம்பும் கட்டிப்போட்ட மாதிரி நிக்கும். அந்த இடம் அசையாது. கால் தட்டும், கை நீளும், தலை திரும்பும், அந்த நடு மட்டும் இருந்த எடத்துலயே இருக்கும். கன்டெம்பரரியில நிறைய பள்ளிகள் சொல்லிக்குடுக்கிறது நேர் எதிர், அந்த நடுவ விட்டுடு, கனத்த ஒரு பக்கம் சாய விடு, விழப்போற அந்த நொடியில இருந்து அடுத்த அசைவ எடு. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் மூச்ச வெளிய விடும்போது வயித்த உள்ள இழுத்து முதுக வளைச்சு ஒரு முழு மொழியே கட்டினாங்க, அவங்களுக்குப் பின்னாடி வந்தவங்க இன்னும் தளர்த்தி தரையவே ஒரு கூட்டாளியா ஆக்கிட்டாங்க. பரதத்துக்கும் தரை முக்கியம் தான், ஆனா அத நம்ம அடிக்கிறோம். படுக்கிறதில்ல.

சின்ன வயசுலேர்ந்து பரதம் கத்துக்கிட்ட ஒருத்தருக்கு இந்த இடம் எவ்ளோ கஷ்டம்ங்கிறது எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நான் வளந்து வேலைக்குப் போக ஆரம்பிச்ச அப்புறம் தான் சென்னையில ஒரு கன்டெம்பரரி வகுப்புல சேந்தேன். முதல் வாரமே விழுற பயிற்சி. நின்ன எடத்துலேர்ந்து பக்கவாட்டுல சரிஞ்சு, முழங்கால் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, விலா, தோள்னு ஒவ்வொண்ணா தரைக்குக் குடுத்துக்கிட்டே போகணும். என் பக்கத்துல இருந்த பொண்ணு, அவளும் பரதக்காரி தான், நேரா நின்னுக்கிட்டு "அக்கா, எங்க பாத்துக்கிட்டு விழணும்?"னு கேட்டா. சொல்லிக்குடுத்தவங்க சிரிக்கல. "எங்கயும் பாக்காதடா, மூச்ச விட்டுட்டு விழு"ன்னாங்க. அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. கை போற எடத்துக்குக் கண்ணு போகணும், கண்ணு போற எடத்துக்கு மனசு போகணும்னு அபிநய தர்ப்பணம்ங்கிற பழைய நாட்டிய நூல்ல இருந்து நமக்கு சொல்லிக்குடுத்து வளத்திருக்காங்க, அப்படி வளந்த உடம்பு விழும்போது கூட பார்வை எங்கன்னு தான் முதல்ல கேக்கும். பரதமும் கன்டெம்பரரியும் நெஜமாவே சந்திக்கிற எடம் அந்த மாதிரி கேள்வி தான்னு நினைக்கிறேன். பதில் வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும், ஆகட்டும்.

அந்தக் கேள்வியோட முழுசா வாழ்ந்து வேலை செஞ்சவங்கன்னா எனக்கு முதல்ல நினைவுக்கு வர்றது ஷோபனா ஜெயசிங். சென்னையில பொறந்தவங்க, 1988ல லண்டன்ல சொந்தக் குழு ஆரம்பிச்சாங்க. அவங்களோட ஆரம்பகால வேலையில இங்கிலாந்து இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் அவங்களுக்காக எழுதின ஸ்ட்ரிங் குவார்டெட் இருக்கு. இங்க கவனிக்கவேண்டியது என்னன்னா, இசை ரெடியா வந்து அதுக்கு மேல ஆட்டத்தப் போடல, பரதத்தோட தாளக் கணக்கு முதல்ல போச்சு, அந்தக் கணக்குக்கு அவர் ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு இசை எழுதினார். மிருதங்கமும் இல்ல, வாயால சொல்ற தாளச் சொல்லான சொல்லுக்கட்டும் இல்ல. ஆனா தீர்மானம், அதாவது தாளக் கணக்கோட முடிப்பு, வந்து விழுற எடத்துல உடம்பு விழுது. என் பரிசோதனையில இது முதல் நிமிஷத்துலயே பாஸ். கைய அழிச்சுட்டாலும் கோடு இருக்கு, மூலை இருக்கு, பரதத்தோட அடிப்படை அசைவான அடவோட அந்த வெட்டு இருக்கு, ஒரு அசைவு முடிஞ்சதுன்னா சுத்தமா முடியும்.

அவங்க மாத்தினது வேற எடத்துல. நம்ம ஆட்டத்துக்கு ஒரு முன்பக்கம் உண்டு, சாமி இருந்த பக்கம், அப்புறம் ராஜா, அப்புறம் டிக்கெட் வாங்கினவங்க. அவங்க அந்த முன்பக்கத்தக் கலைச்சாங்க. ஒருத்தி நமக்கு முதுகு காட்டி நாட்டடவு பண்ணுவா, இன்னொருத்தி பக்கவாட்டுல, மூணாவது ஆள் அதே அடவ வேற நேரத்துல தொடங்குவா. அடவு அதே அடவு தான், ஆனா நாலு பக்கத்துலேர்ந்தும் பாக்கும்போது அதுல இவ்ளோ கட்டடம் இருந்துச்சான்னு இருக்கும்.

இப்ப ஒரு கதை சொல்லணும், கொஞ்சம் நீளம் தான், பரவாயில்ல, ஏன்னா தமிழ்நாட்டுல இத இன்னும் நெறைய பேர் பேசணும்னு எனக்கு ஆசை. 1838ல கடலூர் பக்கத்துல இருக்கிற திருவந்திபுரத்துலேர்ந்து ஒரு தேவதாசிக் குழு பாண்டிச்சேரி வழியா கப்பல் ஏறி பிரான்ஸ் போச்சு. டார்டிவெல்ங்கிற ஒரு பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிட்டுப் போனார். அவங்கள்ல அம்மணின்னு ஒரு பொண்ணு, பிரெஞ்சுக்காரங்க அமானின்னு எழுதினாங்க. பாரிஸ்ல ஆடினாங்க, லண்டன்ல ஆடினாங்க. கவிஞர் தியோஃபில் கோத்தியே அம்மணியப் பத்தி உருகி உருகி எழுதினார், பார்ன்னு ஒரு சிற்பி அவங்கள வெண்கலத்துல வடிச்சார். அப்ப பாரிஸ் எந்த மாதிரி ஆட்டத்துல மயங்கிக் கெடந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க, 1832ல தான் மேரி தாலியோனி நுனிக்கால்ல நின்னு 'லா சில்ஃபீட்'ங்கிற பாலே ஆடி ஊரையே கிறங்கடிச்சிருந்தாங்க, தரையத் தொடாத பொண்ணு, காத்துல மெதக்குற பொண்ணு. அங்க போய் எங்க ஊர்ப் பொண்ணுங்க சலங்கையக் கட்டிக்கிட்டு முழுப் பாதத்தால தரையில தட்டியிருக்காங்க! அந்த மேடைப் பலகை எப்படி அதிர்ந்திருக்கும்னு நான் பல தடவ நெனச்சுப் பாத்திருக்கேன்.

ஆனா அதுக்கப்புறம் மேற்குல நிலைச்சது அந்தத் தட்டு இல்ல. இந்தியக் கோயில் நாட்டியக்காரிங்கிற ஒரு கற்பனை பாலேவுக்குள்ள போய் உக்காந்துச்சு. 1877ல பீட்டர்ஸ்பர்க்ல மரியஸ் பெட்டிபா பண்ணின 'லா பயடேர்', இன்னைக்கும் உலகத்துல இருக்கிற பெரிய பாலே குழுக்கள் எல்லாம் ஆடுறது. அதுல வர்ற தேவதாசி நிக்கியா நுனிக்கால்ல தான் ஆடுவா, தரையத் தட்டவே மாட்டா. 2015ல ஷோபனா ஜெயசிங் இந்தக் கணக்க எடுத்து, அந்த பாலேவுக்கு பதில் சொல்ற மாதிரி 'பயடேர் - தி நைன்த் லைஃப்' பண்ணினாங்க, கோத்தியே அம்மணியப் பத்தி எழுதின வார்த்தைகளையே உள்ள கொண்டுவந்து. சென்னையில பொறந்து லண்டன்ல இருக்கிற ஒரு தமிழ்ப்பொண்ணு தான் இதப் பண்ண முடியும்னு எனக்குப் படும், ஏன்னா ரெண்டு பக்கமும் பாக்குறவங்களுக்குத் தான் நடுவுல தொலைஞ்சு போனது எதுன்னு தெரியும்.

இதெல்லாம் பேசினா உடனே ஒரு குரல் வரும், நம்ம கலையோட தூய்மை என்ன ஆகுறதுன்னு. அந்தக் கவலைய நான் மதிக்கிறேன், அதுல அன்பு இருக்கு. ஆனா நம்ம வரலாற எடுத்துப் பாருங்க. இன்னைக்கு நம்ம ஆடுற மார்க்கத்த, அதாவது கச்சேரி வரிசைய, அலாரிப்புலேர்ந்து தில்லானா வரைக்கும் ஒழுங்கு பண்ணிக் குடுத்தது 19ம் நூற்றாண்டு தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அந்த வடிவேலு தான் ஐரோப்பாவுலேர்ந்து வந்த வயலின நம்ம இசைக்குள்ள கொண்டுவந்தவங்கள்ல ஒருத்தர், அதுக்காக சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு தந்தத்துல ஒரு வயலினே குடுத்திருக்கார். தஞ்சாவூர் அரண்மனையில அப்ப மேற்கத்திய இசை காதுல விழுந்துக்கிட்டே தான் இருந்துச்சு. அப்புறம் ருக்மிணி தேவி. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவோட நட்பு, பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே பயிற்சி, அதுக்கப்புறம் தான் பரதம், 1936ல கலாக்ஷேத்ரா. கலாக்ஷேத்ரா உடம்புல நம்ம பாத்து மயங்குற அந்த நேர்கோட்டு சுத்தத்துல பாலேவோட பழக்கமும் கொஞ்சம் இருக்குன்னு சொன்னா எனக்கு அதுல எந்த அவமானமும் தெரியல. அதே பாவ்லோவாவோட தான் 1923ல உதய் சங்கர் லண்டன்ல ராதா கிருஷ்ணா ஆடினார், ஓவியம் படிக்கப் போனவர், எந்த குருகிட்டயும் முறையாக் கத்துக்காதவர். அவர் பின்னாடி அல்மோராவுல ஒரு கலை மையம் ஆரம்பிச்சப்ப பரதம் சொல்லிக்குடுக்கப் போனது யாரு தெரியுமா, பாலசரஸ்வதியம்மாவோட குரு கந்தப்பா பிள்ளை! உதய் சங்கரோட 'கல்பனா' படம் எடுத்தது கூட நம்ம மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோவுல தான், 1948ல வெளிவந்துச்சு. அதுல ஆளுங்க மெஷின் மாதிரி அசையுற காட்சி ஒண்ணு இருக்கு, இன்னைக்குப் பாத்தாலும் புதுசா இருக்கும்.

அதனால கலக்கலாமா வேண்டாமாங்கிறது என் கேள்வியே இல்ல. எவ்ளோ ஆழத்துல கலக்குறோம்ங்கிறது தான்.

ஆழத்துக்கு எனக்குக் கிடைச்ச பெரிய உதாரணம் அக்ரம் கான். பரதம் இல்ல, வட இந்திய நடனமான கதக். 1974ல லண்டன்ல பொறந்த வங்காளதேசக் குடும்பத்துப் பையன், பிரதாப் பவார்கிட்ட சின்ன வயசுலேர்ந்து கதக், அப்புறம் காலேஜ்ல கன்டெம்பரரி. 2005ல அவரும் பெல்ஜியம் நடனக் கலைஞர் சிடி லார்பி ஷெர்காவியும் சேந்து பண்ணின 'ஜீரோ டிகிரீஸ்'ல ஒரு இடம் இருக்கு. ரெண்டு பேரும் மேடை முன்னாடி சம்மணம் போட்டு பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்குறாங்க. அக்ரம் வங்காளதேசத்துலேர்ந்து இந்தியாவுக்கு எல்லை தாண்டி வந்த கதைய ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்றாங்க, பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போனப்ப வந்த பயம். சாதாரணப் பேச்சு தான். ஆனா ஒரு தயக்கம் வந்தா ரெண்டு பேருக்கும் அதே நொடியில தயக்கம், மூக்க சொறிஞ்சா ரெண்டு கையும் ஒண்ணா போகுது, வார்த்தை தேடி கைய அப்படி சும்மா ஆட்டுவோமே, அது கூட ஒரு மயிரிழை பிசகாம ஒண்ணா ஆடுது. முத்திரை ஒண்ணு கூட கிடையாது. ஆனா கதை சொல்றவனோட உடம்புலயே கதை நடக்கிறது தான கதக், அதோட தாளக் கணக்கு துல்லியமா வந்து சேர்றது தான அதோட பெருமை, அது ரெண்டும் அங்க முழுசா உக்காந்திருக்கு. கைய நான் அழிக்கவே வேண்டாம், அந்தக் கையே நம்ம தெரு டீக்கடையில பேசுறவங்க கை தான், ஆனா அதுக்குள்ள பழைய கலையோட பயிற்சி அத்தனையும் இருக்கு. அத முதல் தடவ பாத்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

2018ல வந்த அக்ரம் கானோட 'ஜெனோஸ்' வேற மாதிரி. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரங்களுக்காகப் போன இந்தியச் சிப்பாய்ங்க 10 லட்சத்துக்கும் மேல, அவங்கள்ல ஒருத்தன் கதக் ஆடுறவனா இருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கிறது அதோட கரு. ஆரம்பத்துல ஒரு கச்சேரி மாதிரி இருக்கு, பாட்டு, தாளம், சலங்கை. கொஞ்ச நேரத்துல அவர் கால்ல சுத்தியிருக்கிற அந்த நீள நீளமான சலங்கைச் சரத்த அவுக்குறார். அது உடம்பு மேல குறுக்க விழும்போது துப்பாக்கி ரவை பெல்ட்டா ஆயிடுது, அப்புறம் சங்கிலியா. எந்தக் கன்டெம்பரரி யுத்தியும் இல்லாம, எந்தக் கதக் துண்டும் இல்லாம, ஒரே ஒரு சலங்கை ரெண்டு உலகத்தையும் தூக்கிட்டு நிக்குது. கதக் ஆடுறவன் சலங்கை கட்டுறதும் அவுக்குறதும் எவ்ளோ பெரிய விஷயம்னு தெரிஞ்ச ஒருத்தருக்குத் தான் இந்த யோசனையே வரும்.

இன்னொண்ணு, தொடுறது. பரதத்துல ஒரே ஆள் தலைவியும் ஆவா, தோழியும் ஆவா, தலைவனும் ஆவா, இன்னொரு உடம்பு மேடையில தேவையே இல்ல. கன்டெம்பரரியில 1972ல ஸ்டீவ் பேக்ஸ்டன் தொடங்கின கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்ல முழு வேலையும் ரெண்டு உடம்பு ஒண்ணு மேல ஒண்ணு கனத்தக் குடுத்து வாங்குறது தான். நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு, பையங்களுக்கும் தான், இது சாதாரண விஷயம் இல்ல. வகுப்புல முதுகோட முதுகு ஒட்டி உக்காந்து ஒண்ணா எழுந்திருக்கணும்ங்கிற பயிற்சிக்கே சிலர் வீட்டுல என்ன சொல்லுவாங்களோன்னு தயங்கி நிப்பாங்க. நான் இத ஒரு குறையா சொல்லல. தொடாம இருந்தும் இத்தன சிருங்காரத்த ஒரு தனி உடம்பு காட்ட முடிஞ்சிருக்குன்னா அது நம்மகிட்ட இருக்கிற ஒரு பெரிய செல்வம். அந்தச் செல்வத்தோட ஒருத்தி போய் இன்னொரு தோள் மேல தலைய சாய்க்கும்போது, அந்தச் சாய்வு ஐரோப்பால கத்துக்கிட்ட ஒருத்தி சாயுறத விட வேற மாதிரி இருக்கும். இருக்கணும்.

சந்திரலேகாவ சொல்லாம இத முடிக்க முடியாது. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவங்க. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக ஆடின ஒரு நிகழ்ச்சியில யமுனை தண்ணிய, நீர் விளையாட்ட அபிநயம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே அந்த வெடிச்ச நிலம் ஞாபகம் வந்து ஒரு கணம் உறைஞ்சு போனதா அவங்களே சொல்லியிருக்காங்க. பின்னாடி ஆட்டத்த விட்டு ரொம்ப வருஷம் விலகியிருந்து, 1985ல 'அங்கிகா'வோட திரும்பி வந்தாங்க. நாயகி இல்ல, சாமி கதை இல்ல, நகை இல்ல. பரதம், களரி, யோகா, அவ்ளோ தான். அவங்க எந்த மேற்கத்திய ஸ்டைலையும் கலக்கல, ஜெர்மன் நடனக் கலைஞர் பீனா பௌஷ் நெருங்கிய தோழியா இருந்தும் கூட. ஆனா உலகம் முழுக்க அவங்க வேலைய நவீன நடனம்னு தான் பாத்தாங்க. நவீனம்ன்னா மேற்குலேர்ந்து தான் வரணும், நம்மகிட்டேர்ந்து மரபு மட்டும் தான் போகணும்ங்கிற அந்தப் பங்கீட்ட அவங்க ஏத்துக்கவே இல்ல. 2001ல வந்த அவங்க கடைசி வேலை 'சரீரா', ஒரு பொண்ணும் ஒரு களரிக்காரரும், குந்தேச்சா சகோதரர்களோட துருபத்ங்கிற இந்துஸ்தானிப் பாட்டு. அவ்ளோ மெதுவா நகரும், ஒரு கால் உயர்றதுக்குள்ள நம்ம மூச்சு ரெண்டு தடவ மாறிடும். பெசன்ட் நகர் கடற்கரை பக்கத்துல அவங்க வீட்டோட சேந்த 'ஸ்பேசஸ்' அரங்கம் இன்னும் இருக்கு, அவங்க 2006ல போயிட்டாங்க. அவங்க குழுவுல பத்து வருஷம் இருந்த பத்மினி செட்டூர் சென்னையிலேர்ந்தே தனக்குன்னு ஒரு மொழிய உண்டாக்கிக்கிட்டாங்க, அலங்காரம் அத்தனையும் உரிச்சு எடுத்துட்டு எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவுல நடக்கிறத மட்டும் பாக்குற மொழி. கைய அழிச்சுட்டுப் பாக்குற என் பழக்கம் அந்த மாதிரி வேலைகளப் பாத்ததுல வந்தது தான்.

இப்ப இருக்கிற பசங்களுக்கு ஆர்வத்துல குறையே இல்ல. பெங்களூர் அட்டக்களரி மாதிரி எடத்துக்குப் போய் முழுநேரமா கத்துக்கிட்டு வர்றவங்க இருக்காங்க, சென்னையிலயே வேலைக்கு போய்க்கிட்டு சாயங்காலம் ரிகர்சல் பண்றவங்க இருக்காங்க. இல்லாதது தரை. நெஜமான தரையத் தான் சொல்றேன். டைல்ஸ் மேலயும் சிமென்ட் மேலயும் தட்டித் தட்டி முப்பது வயசுலயே முட்டி போன பரதக்காரிங்கள நான் எவ்ளோ பேரப் பாத்திருக்கேன், அதே தரையில விழுந்து உருளுற பயிற்சியும் பண்ணினா இடுப்பெலும்பு என்ன ஆகும்? கீழ காத்து விட்டு கொஞ்சம் அமுங்குற மாதிரி போட்ட மரத்தரை ரெண்டு ஆட்டத்துக்குமே வேணும், அரைமண்டிக்கும் அது நல்லது, உருளுறதுக்கும் அது நல்லது. ஒரு சபா டிசம்பர் சீசனுக்கு மேடை அலங்காரத்துக்குப் பண்ற செலவுல கொஞ்சம் எடுத்து வருஷம் முழுக்க வாடகை கம்மியா ஒரு மரத்தரை ஹால் குடுத்தா போதும். டான்ஸ் ஸ்கூல் நடத்துற அக்காங்க யாராவது இதப் படிச்சீங்கன்னா, புதுசா ஹால் கட்டுறதா இருந்தா கிரானைட் வேண்டாம்னு சொல்லிடுங்க, அந்தக் காசுக்கு மரம் போடுங்க, உங்க பொண்ணுங்க பரதம் மட்டும் ஆடினாலும் சரி.